இருட்டு மாதங்களில் ஒளி வளர்த்த தம்பதி

ஸ்வீடன் தேசம் ஐரோப்பாவின் வடக்கே இருக்கிறது. அங்கே டிசம்பர் மாதம் என்றால் இருட்டு மாதம். நாட்டின் நடுப்பகுதியில்கூடக் காலை ஒன்பது மணி சுமாருக்குத்தான் சூரியன் தலை காட்டும். பிற்பகல் மூன்று மணி அடிப்பதற்குள் மறைந்துவிடும். பகல் பொழுது முழுவதையும் கூட்டினால் ஆறு மணி நேரம்கூடத் தேறாது. ஆற்று நீர் உறைந்து கல்லாகிவிடும். வாசலில் பனி குவிந்து கிடக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் வருஷக் கடைசி வந்தால், மனிதனுக்கு உற்சாகம் எங்கிருந்து வரும்? வெளியே இருந்து வராது. வீட்டுக்குள்ளே இருந்துதான் வரவேண்டும். விளக்கு, அடுப்பு, பலகாரம், பாட்டு, பிள்ளைகளின் சிரிப்பு - இவைதான் அந்த நாட்களின் சூரியன்.

அந்த உற்சாகத்தைத் தங்கள் கையாலேயே செய்து காட்டியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவர் பெயர் கார்ல் லார்சன். மனைவி பெயர் கரின். இருவரும் சித்திரக்காரர்கள். அவர்கள் சேர்ந்து அமைத்த வீட்டைப் பார்க்க இன்றைக்கும் பல தேசங்களிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். அவர்கள் கொண்டாடிய கிறிஸ்துமஸ் பண்டிகையை ஸ்வீடன் மக்கள் இன்றும் படங்களில் பார்த்து மகிழ்கிறார்கள்.

ஆனால் அந்த மகிழ்ச்சி சுலபமாகக் கிடைத்ததல்ல.

தந்தை சபித்த பிள்ளை

கார்ல் லார்சன் 1853-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி ஸ்டாக்ஹோம் நகரத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை தாண்டவமாடியது. தகப்பனார் கூலி வேலை செய்தவர். தாயார் ஊரார் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

அவர்கள் குடியிருந்த பகுதியில் ஓர் அறையில் மூன்று குடும்பங்கள் வசிப்பது சகஜம். அழுக்கு, நோய், குடி, சண்டை - இவற்றின் நடுவேதான் சிறுவன் கார்ல் வளர்ந்தான். தகப்பனார் கோபக்காரர். ஒரு நாள், நீ பிறந்த நாள் நாசமாய்ப் போகட்டும் என்ற பொருளில் மகனைச் சபித்துவிட்டார். அந்தச் சொல் சிறுவனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வயதான பிறகு எழுதிய சுயசரிதையிலும் கார்ல் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். சாகும் வரையில் அந்த முள் வெளியே வரவில்லை.

சிறுவனிடம் ஒரு வித்தை இருந்தது. எதைப் பார்த்தாலும் அப்படியே வரைந்துவிடுவான். ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர் இதைக் கண்டுகொண்டார். கார்லுக்கு 13 வயதானபோது, கலைக் கழகத்தின் ஆரம்ப வகுப்பில் சேரும்படி அவர்தான் தூண்டினார். சேர்ந்த புதிதில் மற்ற பிள்ளைகள் நடுவே கார்ல் கூனிக் குறுகி நின்றான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். பத்திரிகைகளுக்குப் படம் போட்டும், போட்டோக்களைத் திருத்திக் கொடுத்தும் காசு சம்பாதித்தான். அந்தக் காசில் பெற்றோருக்கும் உதவினான்.

1877-ம் ஆண்டில் கார்ல் பாரிஸ் நகரத்துக்குப் போனார். பெரிய பெரிய சித்திரங்கள் எழுதிப் பெயர் எடுக்க வேண்டும் என்று ஆசை. பல வருஷங்கள் பாடுபட்டார். பெயரும் வரவில்லை, பணமும் வரவில்லை. மனம் சோர்ந்து போனார்.

வாழ்க்கையைத் திருப்பிய சந்திப்பு

1882-ம் ஆண்டில் கார்ல், பாரிசுக்கு வெளியே உள்ள கிரே என்ற கிராமத்தில் போய்த் தங்கினார். ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்த இளம் சித்திரக்காரர்கள் பலர் அங்கே கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் கரின் பெர்கே.

கரின் 1859-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிறந்தவர். தகப்பனார் வசதியுள்ள வியாபாரி. பெண்கள் வெளியே வந்து கலை பயில்வது அபூர்வமாக இருந்த காலம் அது. இருந்தாலும் மகளைக் கலைக் கழகத்தில் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் கரின் பிரான்ஸ் தேசம் வந்து சேர்ந்தார். சித்திரம் எழுதுவதில் அவர் கெட்டிக்காரர் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

வறுமையில் வளர்ந்த இளைஞர் ஒருவர். வசதியில் வளர்ந்த பெண் ஒருவர். இருவரும் விரும்பினார்கள். 1883-ம் ஆண்டு ஜூன் மாதம் 12-ந் தேதி ஸ்டாக்ஹோமில் திருமணம் நடந்தது. மறு வருஷமே முதல் குழந்தை சூசான் பிறந்தாள்.

கிரே கிராமத்தில் கார்லின் கையும் மாறியது. கனமான எண்ணெய் வர்ணத்தை விட்டுவிட்டு, நீர் வர்ணத்தில் எழுத ஆரம்பித்தார். வெளிச்சமும் தோட்டமும் பூவும் குழந்தையும் அவர் படங்களில் புகுந்தன. இத்தனை நாள் தேடிய புகழ், தேடாத இடத்தில் கிடைத்தது.

ஆனால் கரின் சித்திரம் எழுதுவது மெல்ல மெல்ல நின்று போயிற்று. வீடும் குழந்தைகளும் அவருடைய நாட்களை எடுத்துக்கொண்டன. அந்தக் கை பிறகு என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

கசட்டு மேட்டில் ஒரு வீடு

டாலர்னா என்பது ஸ்வீடன் நாட்டின் நடுவே உள்ள மாகாணம். காடும் ஏரியும் நிறைந்தது. அங்கே ஃபாலுன் என்ற ஊரில் பெயர் பெற்ற தாமிரச் சுரங்கம் ஒன்று பல நூற்றாண்டுகள் நடந்தது. அந்தச் சுரங்கம் 1992-ம் ஆண்டில் மூடப்பட்டது. ஃபாலுனிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தூரத்தில் சுண்ட்போர்ன் என்ற சிறு கிராமம் இருக்கிறது.

அந்தக் கிராமத்தில் ஆற்றங்கரை ஓரம் சின்னஞ்சிறு மரவீடு ஒன்று இருந்தது. தாமிரம் உருக்கிய காலத்தில் கொட்டிய கசடு குவிந்த மேட்டின்மேல் கட்டிய வீடு. "லில்லா ஹிட்னெஸ்" என்று பெயர். கரினின் தகப்பனாரின் சகோதரிகள் அதில் வாழ்ந்து வந்தார்கள். 1888-ம் ஆண்டில் மாமனார் அந்த வீட்டை இளம் தம்பதிகளுக்குக் கொடுத்தார்.

வேறு யாராவது இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். அறைகள் சிறியவை. கூரை தாழ்ந்தது. சுற்றிலும் கசட்டுக் கல். ஆனால் கார்லுக்கோ, வாழ்நாளில் முதன் முறையாகச் சொந்தமாக ஒரு வீடு! ஓர் அறையில் மூன்று குடும்பங்களோடு வளர்ந்தவருக்கு அது அரண்மனையாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆரம்பத்தில் கோடைகாலத்துக்கு மட்டுமே அங்கே வந்தார்கள். மற்ற மாதங்களில் கார்ல் வேறு ஊரில் சித்திரப் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் வீட்டில் ஏதாவது ஒரு வேலை. ஓர் அறை சேரும். ஒரு ஜன்னல் பெரிதாகும். ஒரு கதவு புதிதாகும். 1901-ம் ஆண்டில் நிரந்தரமாகவே அங்கே குடியேறிவிட்டார்கள்.

புதிதாக வாங்க வேண்டாம், வர்ணம் பூசு

இன்றைக்கு வீடு அலங்காரம் என்றால் கடைக்கு ஓடுகிறோம். லார்சன் தம்பதிகள் கடைக்கு ஓடவில்லை. பழைய நாற்காலி, பழைய பெஞ்சு, பழைய அலமாரி - எது கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பளிச்சென்று வர்ணம் பூசினார்கள். கிழவி குமரியானது போலச் சாமான்கள் புதுசாகிவிட்டன.

அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் இருட்டு நிறம்தான் நாகரிகம். கனமான திரைச்சீலை, கறுத்த மரம், தூசி படிந்த அலங்காரம். லார்சன் வீட்டில் எல்லாம் நேர் எதிர். சாப்பாட்டு அறையில் சிவப்பும் பச்சையும். கூடத்தில் வெள்ளையும் நீலமும். ஜன்னலை மறைக்கும் கனமான சீலைகளுக்கு இடமே இல்லை. ஜன்னல் ஓரம் முழுவதும் பூந்தொட்டிகள். குளிர்காலத்தில் கிடைக்கும் கொஞ்ச நேர வெயிலில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது என்பது போல, அவ்வளவும் வீட்டுக்குள் வந்தது.

வெளிச் சுவருக்குப் பூசியது அந்தப் பகுதியின் பெயர் பெற்ற சிவப்பு வர்ணம். ஃபாலுன் சுரங்கத்து மண்ணிலிருந்து எடுப்பது. அந்த மண்ணோடு தண்ணீர், ரை என்ற தானியத்தின் மாவு, ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் அன்னபேதி ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். விலை மலிவு, பனியிலும் மழையிலும் மரத்தைக் காக்கும். ஸ்வீடன் கிராமங்களில் இன்றும் சிவப்பு வீடுகளைக் காண்பதற்கு இதுவே காரணம்.

கார்ல் கதவுகளைக்கூடச் சும்மா விடவில்லை. மனைவியின் உருவத்தையும் பிள்ளைகளின் முகத்தையும் அவற்றின்மேல் எழுதினார். வாசல் கதவுக்கு மேலே வருகிறவர்களை வரவேற்கும் வாசகம் ஒன்றை எழுதினார். கார்ல் லார்சன் வீட்டுக்கு மட்டும் அல்ல, அவர் மனைவியின் வீட்டுக்கும் சேர்த்து வரவேற்கும் வாசகம் அது!

கரினின் தறி

சித்திரம் எழுதுவதை விட்ட கரினின் கை சும்மா இருக்கவில்லை. ஊசியும் நூலும் தறியும் அவருக்குத் தூரிகை ஆயின. மேஜை விரிப்பு, தலையணை உறை, படுக்கை விரிப்பு, தொங்கு திரை - எல்லாவற்றையும் தாமே மனத்தில் வரைந்து, நெய்தும் தைத்தும் முடித்தார்.

அவர் எந்தப் பழைய மாதிரியையும் அப்படியே பின்பற்றவில்லை. கோடுகள் எளிமையானவை. வர்ணங்கள் துணிச்சலானவை. சாப்பாட்டு அறைக்காக 1903-ம் ஆண்டில் அவர் நெய்த விரிப்பு ஒன்று உண்டு. நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகிய நான்கையும் அதில் உருவமாக்கினார். தம் அறைக்கும் கணவர் அறைக்கும் நடுவே தொங்குவதற்காக "அன்பின் ரோஜா" என்ற திரையையும் நெய்தார்.

மரச் சாமான்களுக்கும் அவரே மாதிரி வரைந்தார். ஊர்த் தச்சர் செய்து கொடுத்தார். பூந்தொட்டி வைக்கும் மேடை, ஆடும் நாற்காலி முதலியவை அப்படிப் பிறந்தன. அந்த நாற்காலியின் நேர்க் கோடுகளைப் பார்த்து ஊரில் சிலர் விநோதமாக நினைத்திருக்கலாம். ஆனால் இன்று பார்த்தால் நேற்றுச் செய்தது போல இருக்கிறது.

உடையிலும் புதுமை செய்தார். இடுப்பை இறுக்கிக் கட்டும் உடைதான் அப்போது வழக்கம். கரின் அதை ஒதுக்கிவிட்டுத் தளர்ந்த கவுனும் பெரிய மேலங்கியும் தைத்துப் போட்டுக்கொண்டார். எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, வீட்டையும் தோட்டத்தையும் பார்க்கும் பெண்ணுக்கு அதுதானே வசதி! வீட்டில் வேலைக்காரப் பெண்கள் இருந்தார்கள் என்றாலும், வீட்டின் சாவி, கணக்கு, திட்டம் எல்லாம் கரினிடம்தான்.

மழை கொடுத்த புத்தகம்

1894-ம் ஆண்டுக் கோடைகாலம். வெயில் காய வேண்டிய நாட்களில் ஓயாத மழை. வெளியே போக முடியாமல் கார்ல் வீட்டுக்குள் அலைந்தார். அப்போது கரின் ஒரு யோசனை சொன்னார். வெளியே போக முடியாவிட்டால் என்ன? இந்த வீட்டையே படமாக எழுதக் கூடாதா?

கார்ல் தூரிகையை எடுத்தார். கூடத்து மூலை ஒரு படம். ஜன்னல் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் மகள் ஒரு படம். ஆற்றங்கரையில் குடும்பத்தோடு நண்டு போன்ற கூனி இறால் பிடிக்கும் காட்சி ஒரு படம். வருஷத்துக்கு வருஷம் படங்கள் சேர்ந்தன. 1897-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் பொருட்காட்சியில் அவற்றை வைத்தார்கள். 1899-ம் ஆண்டில் 24 வர்ணப் படங்களோடு "ஒரு வீடு" என்ற புத்தகமாக வெளிவந்தது.

பத்து வருஷம் கழித்து ஜெர்மனியில் "சூரிய ஒளியில் ஒரு வீடு" என்ற புத்தகம் வந்தது. மூன்றே மாதத்தில் 40,000 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. அரசர்களையும் தேவதைகளையும் எழுதியபோது வராத புகழ், சொந்த வீட்டின் சாப்பாட்டு மேஜையை எழுதியபோது வந்தது. அந்த யோசனையைச் சொன்னவர் மனைவி. படத்தில் உள்ள திரையும் விரிப்பும் உடையும் அவர் கைவேலை. ஆனால் புத்தகத்தில் இருந்த பெயர் கணவருடையது.

வெளியே ஓர் உலா

கோடை முடியும் ஆகஸ்டு மாதத்தில்தான் வருஷக் கடைசியின் உற்சாகங்கள் ஆரம்பம். அந்த மாதத்தில் கூனி இறால் பிடிக்கும் காலம் பிறக்கும். ஜனங்கள் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போவார்கள். கார்ல் எழுதிய படத்தில் கரையிலேயே மேஜை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, விருந்துக்கு ஏற்பாடு நடக்கிறது. வீட்டிலிருந்து நாலு அடி தூரம்தான். ஆனாலும் பிள்ளைகளுக்கு அது பெரிய பிரயாணம். உல்லாசப் பயணத்துக்குத் தூர தேசம் போக வேண்டும் என்பதில்லை.

1897-ம் ஆண்டில் இவர்கள் பக்கத்திலேயே ஸ்பாடார்வெட் என்ற பண்ணையையும் வாங்கினார்கள். பால், தானியம், உருளைக்கிழங்கு எல்லாம் சொந்த நிலத்திலிருந்தே வந்தன. இலையுதிர் காலத்தில் கிழங்கு தோண்டுவார்கள். கதிர் அடிப்பார்கள். பிறகு குளிர் கடுமையானதும் உறைந்த நீரிலிருந்து பனிக்கட்டியை வாளால் அறுத்து எடுப்பார்கள். மரத்தூளுக்குள் புதைத்து வைத்தால் கோடை வரையில் கரையாது. மின்சாரப் பெட்டி இல்லாத காலத்தில் பாலும் இறைச்சியும் கெடாமல் காத்தது அந்தப் பனிக்கட்டிதான்.

பண்ணை வாழ்க்கையைக் கார்ல் 1906-ம் ஆண்டில் தனிப் புத்தகமாக்கினார். நகரத்தில் பிறந்து, பசியில் வளர்ந்தவருக்குத் தானியம் வீட்டுக்கு வரும் காட்சி எத்தனை பெரிய காட்சியாக இருந்திருக்கும்!

பனி விழுந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து சறுக்குவார்கள். பெரியவர்களுக்குச் சறுக்கு வண்டி. பாதை மறைந்துபோன பனியில், குதிரை பூட்டிய சறுக்கு வண்டி மணி ஒலிக்க ஓடும்.

லூசியா காலை

டிசம்பர் 13-ந் தேதி லூசியா திருநாள். விடியுமுன்பே வீட்டுப் பெண் ஒருத்தி வெள்ளை உடை உடுத்துவாள். தலையில் எரியும் மெழுகுவர்த்திகளைச் சூடிக்கொள்வாள். தட்டில் காப்பியும், குங்குமப்பூ சேர்த்த மஞ்சள் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, படுக்கையில் இருப்பவர்களை எழுப்ப வருவாள். கும்மிருட்டில் ஒளி நடந்து வருவது போல இருக்கும்.

இந்த வழக்கம் முதலில் ஸ்வீடனின் மேற்குப் பகுதியில்தான் அதிகம். தேசம் முழுவதும் பரவியது 20-ம் நூற்றாண்டில். அப்படிப் பரவத் தொடங்கிய நாட்களில், 1908-ம் ஆண்டில், கார்ல் லூசியாப் பெண்ணைப் படமாக எழுதினார்.

கிறிஸ்துமஸ் வந்தது

ஸ்வீடனில் கிறிஸ்துமஸ் விருந்து 24-ந் தேதி மாலையிலேயே நடக்கும். அதற்கு முன் பல நாட்கள் வீட்டில் ஓயாத வேலை. தரை தேய்க்க வேண்டும். மெழுகுவர்த்தி வார்க்க வேண்டும். ரொட்டி சுட வேண்டும். பன்றி இறைச்சியை உப்பில் ஊற வைக்க வேண்டும். அறுவடையில் மிஞ்சிய வைக்கோலைத் திரித்து ஆட்டுக்கடா பொம்மை கட்ட வேண்டும்.

பறவைகளையும் மறப்பதில்லை. பனியில் இரை கிடைக்காத குருவிகளுக்காக ஓட்ஸ் கதிர்க் கட்டு ஒன்றைக் கம்பத்தின் உச்சியில் கட்டி வைப்பார்கள்.

அன்றைக்குப் பகலில் ஓர் அழகான வழக்கம். இறைச்சி வெந்த சாற்றுப் பானை அடுப்படியில் இருக்கும். எஜமானர், வேலைக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் சமையல் அறையில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டியை அந்தச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

இரவு விருந்தின் முடிவில் பாலில் வெந்த அரிசிச் சோறு. அதில் ஒரே ஒரு பாதாம் பருப்பைப் போட்டிருப்பார்கள். யார் தட்டில் அது விழுகிறதோ, அவருக்கு வருகிற வருஷம் கல்யாணம்! கன்னிப் பெண்களின் முகம் சிவக்கும். மற்றவர்கள் கேலி செய்வார்கள். அதே பால்சோற்றில் ஒரு கிண்ணம் மாட்டுக் கொட்டகைக்குப் போகும். வீட்டையும் மாட்டையும் காக்கும் சிவப்புத் தொப்பிக் குட்டிச்சாமிக்கு அது படையல் என்பது கிராமத்து நம்பிக்கை.

கார்லின் பண்ணைப் புத்தகத்தில் கிறிஸ்துமஸ் மாலைப் படம் ஒன்று இருக்கிறது. நீண்ட மேஜை நிறையப் பண்டங்கள். பார்க்கும்போதே வயிறு நிறைகிறது. 1907-ம் ஆண்டில் "மீண்டும் வந்தது கிறிஸ்துமஸ்" என்ற பெயரில் மூன்று பகுதிகள் கொண்ட பெரிய படத்தையும் எழுதினார்.

மறுநாள் விடியற்காலை இருட்டிலேயே மாதா கோவிலுக்குப் பிரயாணம். தீவட்டி வெளிச்சத்தில் சறுக்கு வண்டிகள் வரிசையாகப் போகும். ஜனவரி 13-ந் தேதி வரையில் பண்டிகை நீடிக்கும். அன்று பிள்ளைகள் மரத்தைச் சுற்றி ஆடிப் பாடி, தின்பண்டங்களை எடுத்துக்கொண்டு, மரத்தை வெளியே போடுவார்கள். அத்தோடு கிறிஸ்துமஸ் முடிந்தது.

படத்தில் எழுதாத துக்கம்

இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள், லார்சன் வீட்டில் கண்ணீருக்கே இடம் இல்லை என்று நினைக்கலாம். அது தவறு.

எட்டுப் பிள்ளைகளில் ஒரு மகன் இரண்டு மாதக் குழந்தையாகவே இறந்துவிட்டான். 1905-ம் ஆண்டில் அதைவிடப் பெரிய இடி விழுந்தது. மூத்த மகன் உல்ஃப், 18 வயது வாலிபன், குடல்வால் நோயால் இறந்துபோனான். இன்றைக்குச் சிறு அறுவை சிகிச்சையில் தீரும் நோய் அது. அன்றைக்கு எமனாக வந்தது.

மறு வருஷம்தான் கிறிஸ்துமஸ் மேஜைப் படம் உள்ள பண்ணைப் புத்தகம் வெளிவந்தது. வீட்டில் கடைக்குட்டி இன்னும் சிறு பிள்ளைதான். சின்னப் பிள்ளைகளுக்காகவாவது விளக்கை ஏற்றித்தானே ஆக வேண்டும்! பெற்ற வயிறு எரிந்தாலும் வீட்டு அடுப்பு அணையக்கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த எல்லா வீடுகளிலும் தாய்மார்கள் செய்வது இதுதான்.

கார்லுக்குச் சிறு வயது முதலே மனச்சோர்வு உண்டு. திடீர் திடீரென்று இருள் கவியும். மகன் போன பிறகு அது அதிகரித்தது. வயதான காலத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. ஸ்டாக்ஹோம் தேசியப் பொருட்காட்சி சாலையின் மாடிப்படிச் சுவருக்காக மிகப் பெரிய சித்திரம் ஒன்றை எழுதினார். பஞ்சம் தீர்வதற்காக நடுக்குளிர்காலத்தில் அரசன் ஒருவனைப் பலி கொடுக்கும் பழங்கதை அது. தம் வாழ்நாளின் தலைசிறந்த படைப்பு என்று நம்பினார். பொருட்காட்சி சாலை அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. அந்த வேதனையோடு 1919-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி கார்ல் கண்ணை மூடினார்.

காலம் தீர்ப்பைத் திருத்தியது. அந்தச் சித்திரம் பல கை மாறி ஜப்பான் வரை போய், 1997-ம் ஆண்டில் அதே பொருட்காட்சி சாலையால் விலைக்கு வாங்கப்பட்டது. எந்தச் சுவருக்காக எழுதினாரோ, அதே சுவரில் இன்று தொங்குகிறது.

மறைந்திருந்த பாதி

கணவருக்குப் பிறகு கரின் ஒன்பது வருஷம் வாழ்ந்தார். 1928-ம் ஆண்டு பிப்ரவரியில் காலமானார். இருவரும் சுண்ட்போர்ன் கோவில் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

வெகு காலம் வரையில் கரினை உலகம் ஓவியரின் மனைவியாகவே அறிந்திருந்தது. படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்யும் பெண், பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய் - இவ்வளவுதான். படத்தில் இருந்த மற்றப் பொருள்களை யார் செய்தார்கள் என்று வெகு சிலரே கேட்டார்கள்.

1997-ம் ஆண்டில் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சி சாலையில் ஒரு கண்காட்சி நடந்தது. அதன் தலைப்பில் கணவன் பெயரும் மனைவி பெயரும் சமமாக இடம் பெற்றன. ஸ்வீடன் பாணியைப் படைத்தவர்கள் இருவரும் என்று அது எடுத்துச் சொன்னது. வெளிச்சமான அறை, எளிய மரச் சாமான், கோடு போட்ட துணி - உலகெங்கும் ஸ்வீடன் நாட்டு வீடு என்று இன்று சொல்லும் அழகில் பெரும் பங்கு அந்தத் தறியிலிருந்து வந்தது.

சுண்ட்போர்ன் வீட்டை அவர்களுடைய சந்ததியார் கலைக்காமல் காத்து வருகிறார்கள். பார்வையாளர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஜன்னல் ஓரம் பூந்தொட்டிகள் இருக்கின்றன. கதவில் கரினின் உருவம் இருக்கிறது.

ஒரு வீட்டின் சந்தோஷம் தானாக முளைப்பதில்லை. யாரோ விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறார்கள். யாரோ பழைய நாற்காலிக்கு வர்ணம் பூசுகிறார்கள். யாரோ இரவில் கண் விழித்துத் துணி தைக்கிறார்கள். பண்டிகை நாளில் படம் எடுக்கும்போது அவர்கள் பெரும்பாலும் சமையல் அறையில் இருக்கிறார்கள். வருகிற பண்டிகைக்காவது அவர்களையும் அழைத்து நடுவில் உட்கார வைத்துப் படம் எடுத்தால் என்ன?